தவிர்க்க முடியாத கொக்கு

பார்சல் கம்பெனி இயக்குநர் குளியலறையில் வழுக்கி விழாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. விழுந்தார். கால் எலும்பு முறிந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தவருக்குப் பொழுது போகட்டும் என்று யாரோ ஒரு புண்ணியவான் கணினியில் ஒரு போர் விளையாட்டை ஏற்றிக் கொடுத்தான். அந்தப் புண்ணியவான் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. தெரிந்திருந்தால் கம்பெனியில் பார்சல்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் பிரிப்புக் கூடத்து ஆட்கள் அவனைச் சும்மா விட்டிருக்க மாட்டார்கள்.

அது லேசுப்பட்ட விளையாட்டு இல்லை. அப்படியே நிஜம் மாதிரி. வீரனுக்குப் பசிக்கும், பூட்ஸ் கடிக்கும், பயத்தில் கை நடுங்கும். செத்தால் செத்ததுதான், எழுந்து வரமாட்டான். எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரத் தளபதியாலும் எல்லோரையும் உயிரோடு ஊர் கொண்டுவந்து சேர்க்க முடியாது. விளையாட்டைச் செய்தவர்கள் இதை ஆரம்பத்திலேயே ஒரு வரியாகப் போட்டிருந்தார்கள்: ‘சில இழப்புகளைத் தவிர்க்க முடியாது.’ போர் எவ்வளவு பொல்லாதது என்று புரியவைப்பதற்காகப் பாவம் அவர்கள் எழுதிய வரி. இயக்குநர் அதை நிர்வாகத் தத்துவமாக எடுத்துக்கொண்டார்.

கால் கூடியது. மனிதர் அலுவலகம் திரும்பினார். போனது ஒரு பார்சல் நிறுவனத்தின் இயக்குநர். வந்தது ஒரு படைத்தளபதி. வந்த வாரமே எல்லாப் பிரிவுத் தலைவர்களுக்கும் உத்தரவு போனது. வேலை நேரத்திலேயே, மாடியில் குளிரூட்டிய அறையில், ‘இழப்பேற்புப் பயிற்சி’. எல்லோரும் அந்த விளையாட்டை ஆட வேண்டும். ஆட்களை இழக்கப் பழக வேண்டும். பழகாதவருக்குத் தலைமைப் பண்பு இல்லை.

பிரிப்புக் கூடத்தின் பொறுப்பாளரை எல்லோரும் ‘நிதானம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். லாரி பின்னால் வரும்போது “நிதானம், நிதானம்” என்று கையை ஆட்டி ஆட்டி வந்த பெயர். வீட்டில் பெண்டாட்டிகூடக் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள். அவருக்குக் கீழே ஒரு சின்னக் கூட்டம். மோசமான கையெழுத்தையெல்லாம் படித்து விலாசம் சொல்லும் டீச்சர், முன்பு நிஜமாகவே டீச்சராக இருந்தவர். சாவிகளையெல்லாம் இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு திரியும் பூட்டு. எதற்கெடுத்தாலும் சண்டை போட்டுக்கொண்டு ஒரே சாப்பாட்டுப் பாத்திரத்தில் சாப்பிடும் அண்ணன் தம்பி இருவர். அப்புறம் கொக்கு. நெட்டையான ஆள். பார்சல்கள் ஓடிவரும் பெல்ட்டின் கடைசி முனையில் ஒரு காலை மடக்கி நிற்பான். மற்றவர்கள் கோட்டைவிட்ட பார்சல் எதுவானாலும் கீழே விழுவதற்குள் கையை நீட்டி எடுத்துவிடுவான்.

நிதானத்துக்குத் தொழிலில் ஒரே ஒரு வேதம்தான். பாதிப் பெயர் போட்ட பார்சல் போய்ச் சேராது. பெயரை முழுசாக எழுது, எழுத்துப் பிழை இல்லாமல் எழுது, அப்போதுதான் உரியவன் கைக்குப் போகும். புதிதாகச் சேர்கிற ஆள் காது புளிக்கிற அளவுக்கு இதைக் கேட்டாக வேண்டும். இந்த நல்ல பழக்கம்தான் பின்னால் வினையாக முடிந்தது.

பயிற்சி அதிகாரியின் பட்டப்பெயர் கர்னல். பட்டாளத்து வாசற்படியைக்கூட மிதித்தவர் இல்லை. முன்பு வேறொரு கம்பெனியில் சோப்பு விற்றுக்கொண்டிருந்தார். ஆனால் நடையில் ஒரு விறைப்பு இருந்தது. முதுகுவலி என்றும் சிலர் சொன்னார்கள்.

“நீங்க எல்லாரும் நல்லவங்க. அதுதான் இந்தக் கம்பெனியோட பிரச்சனை” என்று கர்னல் முதல் நாள் ஆரம்பித்தார். “ஆளுங்க மேல பாசம் வைக்கிறீங்க. பாசம் ஒரு செலவு. நான் சொல்லலை, இயக்குநர் சொல்றார். நான் சொன்னா ஒத்துக்க வேணாம்.”

நிதானம் திரையைப் பார்த்தார். ஒரு ஆறு. ஆற்றுக்கு ஒரு பாலம். பாலத்தைத் தாண்டிப் படையை அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும். இந்தப் பக்கத்தில் அவருடைய வீரர்கள் எறும்பு மாதிரி நின்றார்கள். யார் எவன் என்றே தெரியவில்லை. ஒருவனை நடக்கச் சொன்னால் இன்னொருவன் நடந்தான். கடைசியில் வீரனுக்குப் பெயர் வைக்க ஓரத்தில் ஒரு பெட்டி இருப்பதைக் கண்டுபிடித்தார். தெரிந்த பெயர் என்றால் சுலபமாக இருக்குமே என்று தன் ஆட்களின் பெயர்களையே ஒவ்வொன்றாகப் போட்டார். பட்டப்பெயர் இல்லை. அடையாள அட்டையில் இருக்கிறபடி முழுப்பெயர், தகப்பன் பெயரோடு, எழுத்துப் பிழை இல்லாமல். பழக்கதோஷம்.

அதற்கப்புறம் அவரால் ஒருத்தனையும் சாக விட முடியவில்லை. டீச்சர் மேல் ஒரு குண்டு விழுந்தது. பதறிப்போய்த் ‘திரும்ப ஏற்று’ என்ற பொத்தானை அமுக்கி, குண்டு விழுவதற்கு முந்தின இடத்திலிருந்து ஆட்டத்தைத் திரும்ப ஏற்றினார். பூட்டு தண்ணீரில் போனான். மறுபடி ஏற்றினார். அண்ணன் தம்பி இருவரும் ஒரே பள்ளத்தில் ஒளிந்து ஒன்றாகப் போனார்கள். அதிலும் அதே ஒற்றுமை என்று அலுத்துக்கொண்டே மறுபடி ஏற்றினார். சாயங்காலம் வரை பாலத்தின் இந்தப் பக்கத்திலேயே இருந்தார். ஆனால் எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். அவருக்கு ஏதோ சாதித்துவிட்ட மாதிரி இருந்தது.

“எத்தனை பேரை இழந்தீங்க?” என்று கர்னல் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

“யாரையும் இழக்கலை சார்.”

ஏதோ ஆபாசமாகச் சொல்லிவிட்டதைப் போல அறை அமைதியாகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணக்குப் பிரிவுத் தலைவி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். அந்த அம்மாள் காபி ஆறுவதற்குள் மொத்தப் படையையும் ஆற்றில் விட்டிருந்தார். பெயரெல்லாம் வைக்கவில்லை, ‘வீரர் ஒன்று, வீரர் இரண்டு’ என்று விளையாட்டைச் செய்தவர்கள் போட்டுக் கொடுத்தபடியே விட்டு, எல்லோரையும் நேராகப் பீரங்கி வாய்க்கே அனுப்பியிருந்தார். அவருக்கு ‘நெஞ்சுரம்’ என்று ஒரு கோப்பை கிடைத்தது.

“பாருங்க, கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல” என்று கர்னல் நெகிழ்ந்தார்.

“அவங்க அதைப் பாக்கவே இல்லையே சார், செல்போனைத்தானே பாத்துக்கிட்டிருந்தாங்க” என்று நிதானம் சொல்ல வாயெடுத்து, ஊர்ப் பொல்லாப்பு நமக்கெதற்கு என்று மூடிக்கொண்டார்.

மறுநாள் ‘திரும்ப ஏற்று’ பொத்தானைக் காணவில்லை. கோழைகள் அதைத் தவறாகப் பயன்படுத்துவதாக மேலிடத்துக்குத் தகவல் போனதால் எடுத்துவிட்டார்களாம்.

“ஏங்க, சாப்பிடும்போதுகூட என்ன யோசனை?” என்று வீட்டில் மனைவி கேட்டாள்.

விவரத்தைச் சொன்னார். அவள் குழம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டாள்.

“விளையாட்டுல செத்தவன் அடுத்த ஆட்டத்துல எழுந்து வரணும். அதனாலதான் அதுக்குப் பேரு விளையாட்டு. வரலைன்னா அது வேலை” என்றாள். “வேலைக்கு எதுக்குங்க மாடிக்குப் போறீங்க? கீழயே பாக்க வேண்டியதுதானே?”

இந்தக் கேள்வியைப் பயிற்சி அறையில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கேட்டவருக்கும் நிதானத்துக்குப் போட்ட மாதிரிப் பூஜ்யம் மார்க்தான் போட்டிருப்பார்கள்.

நிறுவனம் நாளுக்கு நாள் வீரமாகிக்கொண்டே போனது. காலையில் எல்லோரும் வரிசையில் நின்று உறுதிமொழி எடுக்க வேண்டும். ‘இழப்பைக் கண்டு கலங்கேன். இழந்ததைத் திரும்பிப் பாரேன். மிச்சத்தை எண்ணி மகிழ்வேன்.’ அப்புறம் முந்தின நாள் விளையாட்டில் மாண்ட வீரர்களுக்கு மௌன அஞ்சலி. கணக்குப் பிரிவு தினமும் ஒரு படையை ஒழித்துக்கொண்டிருந்ததால் மௌனம் நீண்டுகொண்டே போனது. அந்த நேரமெல்லாம் பெல்ட் நிற்கும். கூடத்தில் பார்சல் மலையாகக் குவியும். வாசலில் லாரிக்காரர்கள் ஹாரனை அடித்து அஞ்சலியைக் கெடுப்பார்கள்.

குவிந்த பார்சல் தாமதமாகும், தாமதமான பார்சல் தொலையும். தொலைந்ததைக் கேட்டு ஜனங்கள் புகார்ப் பிரிவுக்குப் போன் செய்வார்கள். அங்கேயும் பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

“உங்க பார்சல் கடமையில வீழ்ந்துடுச்சுங்க” என்று போனை எடுக்கும் பெண் தழுதழுத்த குரலில் சொல்ல வேண்டும். “எங்க ஆழ்ந்த அனுதாபங்கள். ஒரு நிமிஷம் லைன்ல மௌனமா இருங்க.”

“அதுல எங்கப்பாவோட மூக்குக் கண்ணாடிம்மா. அவரு எப்படி நடப்பாரு?” என்று கேட்டார் ஒருத்தர்.

“சில இழப்புகளைத் தவிர்க்க முடியாதுங்க” என்றாள் அந்தப் பெண். பேச வேண்டியதை எழுதிக் கொடுத்திருந்த அட்டையில் அதற்கு மேல் எழுதியிருக்கவில்லை.

ஒரு பெரிய கடைக்காரரின் சரக்கு மொத்தமாகத் தொலைந்தபோது மட்டும் விசாரணை நடந்தது. அது இயக்குநரே நேரடியாக அனுப்பச் சொன்ன சரக்கு என்று தெரிந்ததும் அதற்குத் ‘தந்திரப் பின்வாங்கல்’ என்று பெயர் வைத்து முடித்துவிட்டார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம் என்பது சும்மாவா?

நிதானமோ ஆற்றங்கரையிலேயே இருந்தார். பொத்தான் போனபிறகு அவர் ஒருவரையும் நகர்த்தவே இல்லை. வீரர்களுக்கு வேளைக்குச் சாப்பாடு கொடுத்தார். பூட்ஸ் கடித்தவனை உட்கார வைத்தார். மழை வந்தபோது மரத்தடிக்குக் கூட்டிப் போனார். எதிரியே சலித்துப்போய்ச் சுடுவதைக் குறைத்துக்கொண்டான். இப்படியே இருந்துவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று அவருக்குப் புரியவில்லை.

இயக்குநருக்குப் புரிந்தது. பயிற்சி முடிவில் வைத்த தேர்வு அன்று கைத்தடியோடு நேரில் வந்து நிதானத்தின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

“நீங்கதானா அந்த ஆத்தங்கரை ஆள்?” என்றார். “நல்லாக் கேட்டுக்கோங்க. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பாலத்தைத் தாண்டணும். தாண்டலைன்னா உங்களுக்குத் தலைமை வராதுன்னு முடிவு பண்ணிப் பிரிப்புக் கூடத்தையே மூடிடுவேன். வேலையை வெளியாள்கிட்ட விட்டுடலாம். உங்க ஆளுங்க எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். உங்க பாசத்தால எத்தனை பேர் அழியப் போறாங்கன்னு பாருங்க. இதுதான் நான் சொல்ல வந்த பாடம்.”

“சார், கூடத்தை மூடுறது நீங்கதானே? என் பாசம் எங்க மூடுது?”

“பாத்தீங்களா கர்னல், பழியை மேல தள்ளுறார். இழப்பை ஏத்துக்கத் தெரியாதவங்க எல்லாரும் இப்படித்தான்.”

நிதானத்துக்கு எழுந்து போய்விடலாம் என்றிருந்தது. எழுந்தால் கீழே டீச்சர், பூட்டு, அண்ணன் தம்பி, கொக்கு எல்லோரும் நடுத்தெருவுக்கு வந்துவிடுவார்கள். சரி, கழுதை, விளையாட்டுதானே, திரையில் ஒரு எறும்பு செத்தால் செத்துப் போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பாலத்தைத் தாண்ட ஒரே வழிதான் இருந்தது. மற்றவர்கள் ஓடும்வரை ஒருவன் இந்த முனையில் நின்று எதிரியைத் தடுக்க வேண்டும். நிற்பவன் தாண்ட முடியாது. யாரை நிறுத்துவது என்று அவர் யோசிக்கக்கூட இல்லை. கை தானாகப் போனது. கடைசி முனை என்றால் கொக்குதான். இத்தனை வருஷமாக அப்படித்தானே.

கொக்கு நின்றான். மற்றவர்கள் தாண்டினார்கள். எல்லோரும் தாண்டி முடித்தபோது முனையில் கொஞ்சம் புகை மட்டும் இருந்தது.

அறையே எழுந்து கைதட்டியது. கர்னல் கட்டிப்பிடித்துக்கொண்டார். கணக்குப் பிரிவுத் தலைவி கைகொடுத்து, “முதல் ஆள்தான் சார் கஷ்டம். அப்புறம் பழகிடும்” என்றார். நிதானம் அன்று வீட்டில் சாப்பிடவில்லை. வெறும் விளையாட்டுக்கு இவ்வளவு துக்கமா என்று தன்மேலேயே எரிச்சலாக இருந்தது.

அடுத்த வாரம் ஒரு காலையில் பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. பார்சல்களுக்கு நடுவே தலைமை அலுவலக முத்திரையோடு ஒரு பெட்டி வந்தது. டீச்சர் ஏதோ கையெழுத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை. அண்ணன் தம்பி சண்டையில் இருந்தார்கள். கடைசி முனையில் கொக்கு வழக்கம்போலக் கையை நீட்டி எடுத்தான்.

“சார், எனக்குத்தான் வந்திருக்கு” என்றான். “என் பேரு முழுசா, அப்பா பேரோட, ஒரு தப்பு இல்லாமப் போட்டிருக்காங்க சார்.”

அவனுக்கு ஒரே பெருமை. பிரித்தான். உள்ளே பட்டுத்துணியில் ஒரு பதக்கம் இருந்தது. கூடவே ஒரு தாள். படித்துச் சொல்லச் சொல்லி டீச்சரிடம் நீட்டினான். டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகவே ஆரம்பித்தார்: “நிறுவனத்தின் முன்னேற்றத்துக்காகப் பாலமுனையில் வீரமரணம் எய்திய தங்களுக்கு நிர்வாகத்தின் வீரவணக்கம். இன்றோடு தங்கள் பணி முடிவடைகிறது. அடையாள அட்டையை வாசலில் ஒப்படைக்கவும்.”

டீச்சர் இரண்டாம் முறை மனசுக்குள் படித்துப் பார்த்தார். பெல்ட் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. முனையில் பிடிக்க ஆள் இல்லாமல் பார்சல்கள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன.

நிதானம் மாடிக்கு ஓடினார். அவர் படியேறி ஓடியதை அந்தக் கட்டடத்தில் யாரும் அதுவரை பார்த்ததில்லை.

“பதறாதீங்க, உட்காருங்க” என்றார் கர்னல். “விளையாட்டையும் பணியாளர் பதிவையும் கம்ப்யூட்டர் பிரிவு இணைச்சிருக்கு. பேர் பொருந்துச்சுன்னா அதுவே தாளை அடிச்சு அனுப்பிடும். மனுஷன் கை படாத வேலை. ரொம்பச் சுத்தம்.”

“கணக்குப் பிரிவுல அந்தம்மா தினமும் எல்லாரையும் கொன்னாங்களே. அங்க யாரும் போகலையே.”

“அவங்க பேர் வைக்கலையே சார். ‘வீரர் இரண்டு’ன்னு ஒருத்தர் நம்ம பதிவுல இல்ல. நீங்கதான் இவ்வளவு பொறுப்பா, முழு விவரத்தோட போட்டீங்க. எல்லாரும் உங்களை மாதிரி போட்டா எங்க வேலை எவ்வளவு சுலபமாகும் தெரியுமா?”

“அது ஒரு அடையாளத்துக்குப் போட்டது சார். ஆட்டத்துல அவனைத் திரும்பக் கொண்டாங்க.”

“திரும்ப ஏத்துற பொத்தானை எடுத்தாச்சே.”

“அப்ப மிச்சப் பேரையாவது மாத்துங்க.”

“சண்டை நடுவுல யாராவது பேர் மாத்துவாங்களா? விளையாட்டு நிஜமா இருக்க வேணாமா?”

“என் பேரைப் போடுங்க. நான் போறேன். நானே முனையில நிக்கிறேன்.” சொல்லிக்கொண்டே கர்னலின் கணினியில் தானே தட்டினார். முழுப்பெயர், தகப்பன் பெயரோடு. பெட்டி சிவப்பாகி அதைத் துப்பிவிட்டது. மறுபடி தட்டினார். மறுபடியும் துப்பியது.

“தளபதிக்குக் களத்துல இடம் கிடையாது சார்” என்று கர்னல் அனுதாபத்தோடு சொன்னார். “என் பேர், இயக்குநர் பேர் எதையும் எடுத்துக்காது. நான்கூட ஒருநாள் சும்மா போட்டுப் பாத்தேன். அன்னைக்குத்தான் எனக்கு நிம்மதியாத் தூக்கம் வந்துச்சு.”

சத்தம் கேட்டு இயக்குநர் வந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். அவர் கண்ணில் நிஜமாகவே ஈரம் இருந்தது. நல்ல உரை வரும்போதெல்லாம் அவருக்கு அப்படி வரும்.

“இந்தக் கம்பெனி யாரையும் வேலையை விட்டு எடுத்ததில்ல. அது எனக்குப் பெருமை. நான் எடுக்கல, கர்னல் எடுக்கல. நீங்க ஒரு முடிவெடுத்தீங்க, நாங்க அதை மதிச்சோம். கீழ இருக்கிறவங்களுக்கு இவ்வளவு அதிகாரம் குடுத்த கம்பெனி வேற எங்கயாவது இருக்கா? ஒரு கூடமே போக வேண்டியது, ஒரு ஆளோட முடிஞ்சுது. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நெனச்சுக்கோங்க.”

“அவன் தலைப்பாகை இல்ல சார். அவனுக்கும் தலை இருக்கு.”

இயக்குநர் கர்னலைப் பார்த்தார். “இவருக்கு இன்னும் கொஞ்சம் பயிற்சி வேணும். ரெண்டாம் கட்டத்தை நாளைக்கே வெச்சிடுங்க” என்று சொல்லிவிட்டுத் தடியை ஊன்றிக்கொண்டு போனார்.

வாசலுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் கொக்கு உட்கார்ந்திருந்தான். அட்டையைக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். பதக்கப் பெட்டி மடியில் இருந்தது. நிதானம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்கலாம் என்று வந்தவருக்கு வாய் வரவில்லை. நடந்ததை மட்டும் ஒன்றுவிடாமல் சொன்னார். கொக்கு டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டான்.

“நான் எப்படி சார் செத்தேன்?” என்றான்.

“பாலத்து முனையில நின்னே. எல்லாரும் தாண்டுற வரைக்கும் நின்னே.”

“ஓடப் பாக்கலையா?”

“நான் ஓடச் சொல்லலைப்பா.”

“சொல்லியிருந்தா?”

“ஓடியிருப்பே. நீளக் காலு உனக்கு.”

கொக்கு கோபப்பட்டுக் கத்தியிருந்தால் நிதானத்துக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் கத்தவில்லை.

“சரி, அந்தப் பக்கம் என்ன சார் இருந்துச்சு?”

கைதட்டின யாரும் அதைக் கேட்கவில்லை. அவரும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

“இன்னொரு ஆறு” என்றார்.

“பாலம்?”

“இருக்கு.”

“இதைக் காசு குடுத்து வேற வாங்கி ஆடுறாங்களா ஜனங்க?”

“அவங்க ஆட்டம் முடிஞ்சா அணைச்சுட்டுப் போயிடுவாங்கப்பா. நம்ம மாடி ஆளுங்களுக்குத்தான் அணைக்கத் தெரியல.”

எதிரே கூடத்தின் ஷட்டர் தூக்கியிருந்தது. உள்ளே பெல்ட் ஓடுவது டீக்கடையிலிருந்தே தெரிந்தது. முனையில் ஆள் இல்லாமல் பெல்ட்டை ஓட்ட முடியாது. அதனால் மாடியிலிருந்து இறங்கி வந்ததும் நிதானமே டீச்சரைக் கொண்டுபோய் அங்கே நிறுத்திவிட்டு வந்திருந்தார். அந்த அம்மாளுக்குக் கை எட்டவில்லை. எட்டி எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கொக்கு அதைப் பார்த்துக்கொண்டே டம்ளரைக் கீழே வைத்தான்.

“டீச்சர் பேரையும் முழுசாத்தான் போட்டிருக்கீங்களா சார்?” என்று கேட்டான்.